சினை எலிக்குக் கீரை

நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஒவ்வொரு எலிக்கூண்டிலும் இரண்டு சீட்டுகள் தொங்கும். ஒன்றில் எலியின் வகை, பிறந்த நாள், எந்த ஆணோடு சேர்த்தது என்ற விவரம் இருக்கும். அது எல்லா இடத்திலும் உள்ளதுதான். இன்னொன்று மஞ்சள் சீட்டு. அந்த எலி அன்று என்ன தின்றது, யார் போட்டார்கள், தீவனம் எந்த மூட்டையிலிருந்து எடுத்தது என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியூரில் படித்துவிட்டு வந்து சேரும் பிள்ளைகளுக்கு இந்த மஞ்சள் சீட்டு ஒரு தொல்லை. "எல்லாத்துக்கும் ஒரே தீவனம்தானே போடறோம், இத எதுக்கு டெய்லி எழுதணும்?" என்று என்னிடம் சலித்துக்கொண்டவர்கள் பல பேர். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் தொலைபேசியில் கூப்பிட்டு அதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் காஞ்சிபுரம். என் அப்பா அம்மா இருவரும் நாற்று நடவும் அறுப்பும் செய்து என்னைப் படிக்க வைத்தார்கள். பள்ளிப்படிப்பு முடித்து, மருத்துவ ஆய்வக உதவியாளர் பயிற்சி இரண்டு வருடம் படித்தேன். ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டிகளை மெல்லிசாக வெட்டிக் கண்ணாடியில் ஒட்டித் தரும் வேலை கிடைத்தது. அங்கே நான்கு வருடம். கல்யாணமும் அப்போதுதான் நடந்தது. வீட்டுக்காரர் தேவராஜ், தபால்காரர். தொண்ணூறுகளின் நடுவில், ஏனாத்தூரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே புதிதாக வந்திருந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன்.

நேர்காணல் செய்தவர் டாக்டர் வேதவல்லி. மூளை வளர்ச்சிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு அவர் வீடு. எங்கள் தெருவிலிருந்து அங்கே நடந்தால் கால் மணி நேரம் ஆகும். ஆனால் அந்த வேலையில் சேரும்வரை நான் அந்தத் தெருவுக்குள் போனதில்லை.

அவர் என்னிடம் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. எண்ணெய்க் கல்லையும் மழுங்கிய வெட்டுக்கத்தி ஒன்றையும் எடுத்து என் முன்னால் வைத்தார். "தீட்டிக் காட்டுங்கோ" என்றார்.

அப்போதெல்லாம் மெல்லிசாகச் சீவும் வெட்டுகருவிக்கு எஃகுக் கத்திதான். ஒரு சாண் நீளம் இருக்கும். கல்லில் எண்ணெய் விட்டு, கத்தியைப் படுக்க வைத்து, அழுத்தாமல் முன்னால் தள்ளி, புரட்டி, பின்னால் இழுக்க வேண்டும். முக்கால் மணி நேரம் தீட்டினேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, ஒரு நுனியை விரலில் பிடித்துக் கத்தி விளிம்பில் வைத்தார். முடி இரண்டாகி விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கே மடங்கியது, அறுபடவில்லை. "இந்த இடத்த இன்னொரு தடவை பாக்கலாமா?" என்றார்.

பிறகு பல வருடங்கள் அவரோடு வேலை செய்தேன். 'தப்பு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. 'இன்னொரு தடவை பாக்கலாமா' என்பதுதான் அவருடைய திட்டு. அதைக் கேட்டாலே கையில் இருப்பதை வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவோம். பெரியவர், சின்னவர், கூட்டிப் பெருக்குபவர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் 'நீங்க' தான். மாலை ஐந்து மணிக்கு எல்லாருடைய குறிப்பேட்டையும் வாங்கிப் பார்ப்பார். அன்று கண்ணால் பார்த்தது எதுவோ, அது அன்றே மையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பென்சில் கூடாது, அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். தாய் வயிற்றில் மூளை முதலில் ஒரு தட்டையான பரப்பாகத்தான் இருக்கிறது. அதன் இரண்டு ஓரங்களும் மெல்ல மேலெழுந்து, வளைந்து, நடுவில் சந்தித்து ஒட்டிக்கொள்ளும். தட்டையாக இருந்தது குழாயாகிவிடும். குழாயின் முன்பக்கம் மூளையாக வளரும், மீதி முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்பாகும். எலிக்கு இதெல்லாம் சேர்க்கை நடந்து ஒன்பது, பத்து நாளுக்குள் முடிந்துவிடும். மனிதருக்கு நான்கு வாரத்துக்குள். அதாவது, பல பெண்களுக்குத் தான் உண்டாகியிருப்பது தெரிவதற்கு முன்பே. சில மரபணுக்களில் பழுது இருந்தால் இந்த ஓரங்கள் சந்திப்பதில்லை. தலை மூடாமல் நின்றுவிடும். எந்த மரபணு பழுதானால், எந்த நேரத்தில், எந்த இடத்தில் மூடுவது நிற்கிறது என்பதைத்தான் மேடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களிடம் அப்படி ஒரு வகை எலி இருந்தது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒரு பிரதி மட்டும் பழுதாக இருந்தால் எலி ஓடி ஆடித் திரியும். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அப்படிப்பட்ட ஆணும் பெண்ணும் சேர்ந்தால், குட்டிகளில் சிலவற்றுக்கு இரண்டு பிரதியும் பழுதாகவே வந்து சேரும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தலை மூடாது.

மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விடுவார் ஏழுமலை. அவர்தான் எலிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். மாகறல்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காலையில் பெண்ணைத் தூக்கிப் பார்த்துச் சேர்க்கை நடந்த அடையாளம் இருந்தால் தனிக்கூண்டில் விட்டுச் சீட்டு மாட்டுவார். பத்து நாள் கழித்து அது என் மேசைக்கு வரும். வலி தெரியாதபடி கண நேரத்தில் அதன் கதையை முடிப்பது, கருக்களை வெளியே எடுத்து ஐஸ் தண்ணீரில் போடுவது, ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியில் பார்ப்பது, எண் கொடுப்பது, கருவைச் சுற்றியுள்ள சவ்வில் ஒரு துண்டு எடுத்து அதே எண் போட்ட குப்பியில் மரபணுச் சோதனைக்கு அனுப்புவது எல்லாம் என் வேலை. பிறகு கருவை ஆல்கஹாலில் ஊறவைத்து நீரை எடுத்து, மெழுகில் பதித்து வெட்டுவேன். கரு கொத்துமல்லி விதை அளவுதான். சித்திரை, வைகாசியில் மெழுகு இளகி வெட்டு சுருண்டுகொள்ளும். மெழுகுக் கட்டியின் மேல் ஐஸ் துண்டை வைத்துக்கொண்டு வெட்டுவேன். சரியாக வந்தால் வெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடா போல நீளும். அதை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்த வேண்டும்.

சேர்ந்த இரண்டாவது வாரம், தலை மூடாத கருவை முதன்முதலாக உருப்பெருக்கியில் பார்த்தேன். பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பு எனக்கு முதல் பிரசவம் ஆகியிருந்தது. எட்டாவது மாதம். அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் ஸ்கேன் எடுப்பது வழக்கமில்லை. குழந்தை சில நிமிஷங்கள்தான் உயிரோடு இருந்தது. நர்ஸ் தலையோடு சேர்த்துத் துணியைச் சுற்றித்தான் காட்டினார். நான் துணியை விலக்கிவிட்டேன். புருவத்துக்கு மேலே மண்டை இல்லை. "மூளை வளரலம்மா" என்று மட்டும் டாக்டர் சொன்னார். கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதால் இப்படி ஆனது என்று மாமியார் சொன்னார். அக்கம்பக்கத்தில் வேறு வேறு காரணங்கள் சொன்னார்கள். எல்லாக் காரணங்களிலும் குற்றவாளி நான்தான். அதற்குப் பிறகு இன்னொரு குழந்தை என்ற பேச்சையே நான் வீட்டில் எடுக்கவிடவில்லை. தேவராஜும் எடுக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து அந்தக் கருவுக்கு எண் போட்டு, 'தலை திறந்துள்ளது' என்று எழுதினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் பார்த்தாயிற்று. கை பழகிவிட்டது. மனது பழகியதா என்றால், அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கப் பழகியது.

நான் சேர்ந்து மூன்றாவது வருடம் நடந்ததுதான் மஞ்சள் சீட்டின் கதை.

கல்பனா என்ற பெண் மேடத்திடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கெட்டிக்காரி, வேகக்காரி. தலை மூடுவது எந்த மணி நேரத்தில் நின்றுபோகிறது என்பது அவளுடைய ஆய்வு. அதற்குத் தலை திறந்த கருக்கள் நிறைய வேண்டும். அந்தக் கோடையில் அவை குறைய ஆரம்பித்தன. முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து மரபணுச் சோதனை முடிவுகளை என் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்த கல்பனா நேராக என் மேசைக்கு வந்தாள்.

"எஸ்தர் அக்கா, இந்த ஏழு எம்ப்ரியோவும் ரெண்டு காப்பியும் பழுதுன்னு டெஸ்ட்ல வருது. ஆனா நீங்க எல்லாத்துக்கும் தலை மூடியிருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"மூடித்தான் இருந்துச்சும்மா. பாத்துத்தான் எழுதுனேன்."

"அதெப்படி இருக்க முடியும்? ட்யூப் மாத்திப் போட்டிருப்பீங்க."

"நான் மாத்திப் போட மாட்டேன்."

"மனுஷங்கதானே அக்கா? ஒரு நாள்ல எத்தனை ட்யூப் போடறீங்க? என் ரெண்டு வருஷ வேலை இது. மாத்தியிருந்தா மொத்தமும் குப்பைதான்."

அவள் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். குப்பி மாறுவது என்பது எங்கள் தொழிலில் சின்ன விஷயம் இல்லை. அந்தப் பெயர் ஒரு தடவை வந்துவிட்டால் நாம் எழுதிய பழைய குறிப்பு எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். என்னுடைய வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவும் இல்லை.

மேடம் வந்தார். இருவரையும் உட்காரச் சொன்னார். என்னுடைய குறிப்பேட்டையும் கல்பனாவின் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் படித்தார். பிறகு நிமிர்ந்து, "இன்னொரு தடவை பாக்கலாமா?" என்றார்.

அந்தத் 'தடவை' இப்படி நடந்தது. அடுத்து வந்த மூன்று சினை எலிகளை நான் மட்டும் திறக்கவில்லை. ஒன்றை நான், ஒன்றைக் கல்பனா, ஒன்றை மேடம் என்று ஆளுக்கு ஒன்றாக எடுத்தோம். அவரவர் எலியின் கருவைப் பார்ப்பது, எண் போடுவது, சவ்வு எடுப்பது எல்லாம் அவரவரே. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. மரபணுச் சோதனையை மேடம் தன் கையாலேயே செய்தார். நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. மூவருக்கும் ஒரே மாதிரிதான். இரண்டு பிரதியும் பழுதான கருக்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் தலை மூடியிருந்தது. கல்பனா தன் கையால் எண் போட்ட கருவிலும் அப்படித்தான்.

"குப்பி மாறல" என்றார் மேடம். கல்பனா தலையைக் குனிந்துகொண்டாள். என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது அதற்கெல்லாம் மனம் இருந்திருக்காது. குப்பி மாறவில்லை என்றால் எலிதான் மாறியிருக்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று எனக்கு ஒன்று உறைத்தது. மூன்று எலிகளைத் திறந்தபோது அவற்றின் குடல் பச்சையாக இருந்தது. தீவனம் மட்டும் தின்னும் எலிக்குக் குடல் பழுப்பாகத்தான் இருக்கும். யோசித்துப் பார்த்தால், சில வாரங்களாகவே அப்படித்தான் இருந்திருக்கிறது. பார்த்திருக்கிறேன். என் வேலை கருவோடு, குடல் எனக்கு எதற்கு என்று ஒதுக்கித் தள்ளியிருக்கிறேன். எழுதவில்லை.

மதிய உணவு நேரத்தில் எலிக்கூடத்துக்குப் போனேன். ஏழுமலை தனியாக இருந்தார்.

"ஏழுமலைண்ணா, சினையா இருக்கறதுக்கு நீ தீவனம் தவிர இன்னா போடற?"

அவர் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைக் கீழே வைத்தார். "இன்னாமா கேக்குற?"

"கொடல் பச்சையா இருக்குதுண்ணா. நான் பாத்தேன்."

கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு சொல்லிவிட்டார். மாசியில் வந்த தீவன மூட்டைகள் கல்லாக இறுகி இருந்தனவாம். பூஞ்சை வாடை அடித்ததாம். சினை எலிகள் அதை மோந்துவிட்டுப் போய்விடுமாம். "ஆபீசுல சொன்னேன்மா. அடுத்த லோடு வர்ற வரைக்கும் இதான்னுட்டாங்க. வாயும் வயிறுமா இருக்குதுங்க, பட்டினியா கெடக்குதுங்க. எனக்கு மனசு கேக்கல. எங்கூட்டம்மா கொல்லையில முளைக்கீரை போட்டுக்கினு இருக்குது. அதுல ஒரு கட்டு எடுத்துக்கினு வந்து, கொஞ்சம் பச்சைப்பயிறு மொள கட்டி, ரெண்டையும் சேத்துப் போட்டேன். சும்மா அள்ளி அள்ளித் துன்னுச்சுங்க தெரியுமா?"

"புதுத் தீவனம் வந்துடுச்சே?"

"வந்துச்சு. ஆனா ருசி கண்டுக்கிச்சுங்களே. நான் கதவத் தொறந்தா கம்பியப் புடிச்சிக்கினு நிக்குதுங்க. நிறுத்த முடியலமா."

"எப்ப போடுவ?"

"சீட்டு மாட்டின அன்னியிலேர்ந்து."

சீட்டு மாட்டிய அன்று என்றால் முதல் நாள். தலை மூடும் நாட்களுக்கு முன்னாலேயே கீரை உள்ளே போயிருக்கிறது.

அவருக்கு நடந்தது புரிந்துவிட்டது. வெளியிலிருந்து ஒரு நெல்மணி கொண்டுவந்தாலும் வேலை போய்விடும் என்று சேரும்போதே சொல்லித்தான் எடுத்திருந்தார்கள். அவர் தினக்கூலி. கல்யாண வயதில் மகள். "எஸ்தரு, மேடமாண்ட சொல்லிடாதமா. இன்னியோட நிறுத்திடறேன். எல்லாம் பழையபடி ஆயிடும்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். கீரையை நிறுத்தினால் அடுத்த மாதமே தலை திறந்த கருக்கள் வர ஆரம்பித்துவிடும். எல்லாரும் இந்த இரண்டு மாதத்தை ஏதோ புரியாத கோளாறு என்று ஒதுக்கிவிடுவார்கள். குப்பி மாறவில்லை என்று எனக்கும் பெயர் வந்தாயிற்று. நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய் தேவராஜிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "அப்பிடின்னா கீர துன்னா தலை மூடிக்குமா?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டபிறகு இருவருமே அப்படியே நின்றுவிட்டோம். முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது முதல் இரண்டு மாதமும் எனக்குக் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் தங்கவில்லை.

காலையில் ஏழுமலையிடம் போய், "நான் சொல்லலண்ணா. நீயே வந்து சொல்லு. நான் கூட வர்றேன்" என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார்.

மேடத்தின் அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மேடம் பேனா மூடியைக் கழற்றுவதும் மூடுவதுமாக இருந்தார். அவருக்குக் கோபம் வந்தால் அது ஒன்றுதான் அடையாளம். ஏழுமலை முடித்ததும் கேட்டார்.

"எவ்வளவு கீரை?"

"ஒரு கூண்டுக்கு ஒரு கைப்பிடிங்க மேடம்."

"எந்த நாள்லேந்து?"

"பங்குனி உத்திரத்துக்கு மொத நாளு ஆரம்பிச்சேங்க."

"எல்லாக் கூண்டுக்குமா?"

"சீட்டு மாட்டினதுக்கு மட்டுங்க. வடக்கால செவுத்தாண்ட இருக்குற நாலு கூண்டுக்குப் போடல. கீர பத்தலீங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். அந்த நான்கு கூண்டுகளின் எண்களை என் குறிப்பேட்டில் தேடச் சொன்னார். தேடினேன். அந்த நான்கிலிருந்து வந்த கருக்களில், இரண்டு பிரதியும் பழுதானவற்றில் பெரும்பாலும் தலை திறந்தே இருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "குடல் பச்சையா இருந்தது எப்பலேந்து பாத்தேள்?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும் மேடம்."

"எழுதலையா?"

"எழுதலைங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. 'இன்னொரு தடவை பாக்கலாமா' என்றுகூடச் சொல்லவில்லை. என் வேலைக்காலம் முழுவதிலும் நான் வாங்கிய பெரிய அடி அந்த மௌனம்தான்.

கல்பனாவைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். இரண்டு மாதத்துக் கருக்கள் அவளுடைய ஆய்வுக்கு உதவாது. ஆவணியில் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. ஏழுமலையை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. மேடம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தட்டச்சு செய்யும் பெண் விடுப்பில் இருந்ததால் அதைப் படி எடுக்க என்னிடம் கொடுத்தார். அதனால் அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கெட்டுப்போன தீவனத்தைப் பற்றி ஊழியர் முறையிட்டும் யாரும் கவனிக்கவில்லை, எந்த எலி என்ன தின்றது என்று எழுதிவைக்கும் ஏற்பாடு என் பிரிவில் இல்லை, அது பிரிவுத் தலைவரான என் குறை, நடவடிக்கை எடுப்பதென்றால் என்னிடமிருந்து தொடங்கவும். இவ்வளவுதான். ஏழுமலைக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. அடுத்த திங்கட்கிழமை எல்லாக் கூண்டுகளிலும் மஞ்சள் சீட்டு தொங்கியது.

அந்தக் கடிதத்தைப் படி எடுத்துக் கொடுத்த அன்று நான் மேடத்தின் அறையிலேயே நின்றேன். "என்ன எஸ்தர்?" என்றார். முதல் குழந்தையைப் பற்றி அன்றுதான் அவரிடம் சொன்னேன். சொல்லி முடித்து, "நான் சரியா சாப்பிட்டிருந்தா மூடியிருக்குமா மேடம்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தெரியாது எஸ்தர். இந்த எலிக்கு எந்த மரபணு பழுதுன்னு நமக்குத் தெரியும். உங்க குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு யாரும் பாக்கல. பாக்காததப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப்படாது."

"எல்லாரும் என்னத்தான் சொல்றாங்க."

"பத்து நாள்ல நடந்து முடியற காரியம் எலிக்கு. உங்களுக்கு நாலு வாரம். அப்ப உண்டாயிருக்கறதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியாத ஒண்ணுக்கு நீங்க எப்படிப் பொறுப்பாவேள்?"

எனக்கு அழுகை வந்தது. அவர் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்.

"கீரையில, பயறுல எல்லாம் ஃபோலேட்டுனு ஒரு சத்து இருக்கு. மனுஷாளுக்கும் அது மாத்திரையா உண்டு. குழந்தை வேணும்னு நினைக்கற பொண்ணுகள் உண்டாறதுக்கு முன்னாடியே சாப்பிட ஆரம்பிச்சா, இந்த மாதிரிக் குழந்தைகள் குறையறதுன்னு வெளிநாட்டுல பாத்திருக்கா. குறையறது. இல்லாமப் போறதுன்னு சொல்லல. உங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணு அப்படி ஆனதால அளவு கூட வேணும். அத டாக்டர்தான் சொல்லணும், நான் இல்ல. எனக்குத் தெரிஞ்ச லேடி டாக்டர் செங்கல்பட்டுல இருக்கா. சீட்டு எழுதித் தரேன். போறதும் போகாததும் உங்க இஷ்டம்."

சீட்டை வாங்கிக்கொண்டேன். ஏழு மாதம் அது என் பைக்குள்ளேயே கிடந்தது.

அந்த ஏழு மாதமும் ஆராய்ச்சிக்கூடத்தில் வேறு வேலையே இல்லை. கல்பனா கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போட்டாள். ஆய்வையே மாற்றிக்கொண்டாள். ஒரு வரிசை எலிகளுக்கு வெறும் தீவனம், ஒரு வரிசைக்கு அந்தச் சத்து அளந்து கலந்த தீவனம், ஒரு வரிசைக்கு ஏழுமலையின் கீரை. எந்தக் கரு எந்த வரிசை என்று தெரியாமல்தான் நான் பார்க்க வேண்டும். குடலின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தாயைத் திறந்து கருவை எடுத்துத் தரும் வேலையைக் கல்பனா செய்தாள். கருக்கள் மட்டும் என் மேசைக்கு வந்தன. ஏழுமலை கீரையை எடை போட்டுத்தான் வைக்க வேண்டும். தராசும் கையுமாக, "எங்கூட்டம்மாகூட இவ்ளோ கறாரா கீர வித்ததில்லம்மா" என்பார்.

முடிவு வந்தது. அந்த வகை எலியில் கீரையும் சத்துத் தீவனமும் தலை திறந்த கருக்களைக் குறைத்தன. முழுவதும் நிறுத்தவில்லை. தாய் நன்றாகத் தின்றும் மூடாத தலைகள் இருந்தன. வேறொரு மரபணு பழுதான இன்னொரு வகை எலியிலும் மேடம் செய்து பார்க்கச் சொன்னார். அதில் எதைப் போட்டாலும் ஒரு மாற்றமும் இல்லை. கல்பனா அதையும் அப்படியே எழுதினாள். அந்தக் கட்டுரை அச்சானபோது, கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் ஏழுமலை பெயரும் என் பெயரும் இருந்தன. ஏழுமலை அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டி, "இதுல என்னத் திட்டியிருக்குதா?" என்று கேட்டார். கல்பனா இப்போது வெளிநாட்டில் பேராசிரியை. அவளுடைய கூடத்திலும் தீவனச் சீட்டு உண்டாம்.

எனக்கு மனதை மாற்றியது எது என்று கேட்டால், அந்த இரண்டாவது வகை எலிதான். எவ்வளவு நன்றாகத் தின்ற தாய்க்கும் தலை மூடாத குட்டி உண்டாகிறது என்பதை நூற்றுக்கணக்கில் என் கண்ணால் பார்த்தேன், என் கையால் எழுதினேன். அந்த எலிகள் எதுவும் கிரகணத்தில் காய் நறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும் வழியில் தேவராஜிடம் சீட்டை எடுத்துக் காட்டினேன். அடுத்த வாரம் செங்கல்பட்டுக்குப் போனோம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்கு மாதம் சாப்பிட்ட பிறகு உண்டானேன். அதன் பிறகும் டாக்டர் சொன்ன வரைக்கும் சாப்பிட்டேன்.

நான்காவது மாதம் ஸ்கேன் எடுக்கச் செங்கல்பட்டுக்குப் போனோம். தேவராஜை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்று சட்டம் வந்திருந்த சமயம். எல்லாரும் திரையைப் பார்க்கத் துடிப்பார்கள் போல.

"டாக்டர், கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க."

"அதெல்லாம் காட்டக் கூடாதும்மா."

"ஆணா பொண்ணான்னு எனக்கு வேணாம் டாக்டர். தலைய மட்டும் காட்டுங்க."

அவர் என் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கருவியை என் வயிற்றில் மேலே நகர்த்தி, திரையைத் திருப்பினார்.

சாம்பல் நிறத்தில் ஒரே கசங்கலாக இருந்தது. பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. முகத்திலிருந்து தொடங்கி, புருவம், நெற்றி, உச்சி, பிடரி என்று வெள்ளைக் கோடு ஒன்று விடாமல் சுற்றி வந்து சேர்ந்திருந்தது. நான் இரண்டு முறை அந்தக் கோட்டின் மேலேயே கண்ணை ஓட்டினேன். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "மூடியிருக்குது" என்றேன்.

"ஆமாம்மா, நல்லா இருக்கு" என்றார் அவர்.

மாத்திரையால்தான் மூடியதா, அது இல்லாமலும் மூடியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மேடத்திடம் கேட்டபோது அவரும் தெரியாது என்றுதான் சொன்னார்.

வெளியே வந்ததும் தேவராஜ் எழுந்து நின்றார். சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். காஞ்சிபுரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தோம். வெகு தூரம் போன பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"எஸ்தரு, அதுக்கு நாம பேரே வெக்கலையே?"

"இன்னும் பொறக்கவே இல்ல. அதுக்குள்ள என்னா பேரு?"

"இது இல்ல. மொதல்ல வந்துச்சே, அது."

ஐந்து வருடத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. அது ஆண் குழந்தை. பெயர் வைக்காமலேயே அடக்கம் செய்திருந்தோம். கல்லறைத் தோட்டத்துப் பதிவில் 'தேவராஜ் குழந்தை' என்றுதான் இருக்கும். ஊர் வருவதற்குள் இருவரும் ஏழெட்டுப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தோம். பேருந்து நிலையத்தில் இறங்கும்போது சாமுவேல் என்று முடிவாகியிருந்தது.